சுருதியைப் பெயர்த்து வைத்தல்

யோஹான் ஸெபாஸ்டியன் பாக் 1723-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள லைப்ஸிக் நகரத்துக்கு வந்து, அங்குள்ள தேவாலயங்களின் சங்கீதப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு எழுதிய கீர்த்தனைகளுக்கு, வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பிரதி செய்து கொடுத்த தாள்கள் ஏராளமாக இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றைப் புரட்டுகிறவர் ஒரு விசித்திரத்தைக் காண்பார். பிடில்காரருக்கும் பாடகருக்கும் டி மேஜரில் ஒரு பாட்டு எழுதப்பட்டிருந்தால், ஆர்கன் வாசிப்பவரின் தாளில் மட்டும் அதே பாட்டு ஒரு முழு ஸ்வரம் தாழ்ந்து, ஸி மேஜரில் எழுதப்பட்டிருக்கும். நம் பாடகர்களின் வழக்கில் சொன்னால், மற்றவர்கள் இரண்டு கட்டையில் வாசிக்கும்போது ஆர்கன்காரர் ஒரு கட்டைக்குரிய இடத்தில் கையை வைத்திருப்பார். ஆயினும் கேட்கிறவர் காதில் எல்லாம் ஒரே சுருதியாகவே விழும்.

இதற்குக் காரணம் அக்காலத்து ஜெர்மனியில் இரண்டு சுருதிகள் அருகருகே வழங்கி வந்தமைதான். தேவாலயத்து ஆர்கன்கள் கோர்டோன் எனப்பட்ட உயர்ந்த சுருதியிலும், குழல், பிடில் முதலிய வாத்தியங்கள் காமெர்டோன் எனப்பட்ட தாழ்ந்த சுருதியிலும் அமைந்திருந்தன. ஏ என்னும் ஸ்வரம் முன்னதில் வினாடிக்கு ஏறக்குறைய 465 அதிர்வும் பின்னதில் ஏறக்குறைய 415 அதிர்வும் உடையதாக இருந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய ஒரு முழு ஸ்வரம். இந்தத் தூரத்தைக் கடக்க அக்காலத்தவரிடம் இருந்த சாதனங்கள் இரண்டே: பிரதி எடுப்பவரின் பேனா ஒன்று, வாசிப்பவரின் பயிற்சி மற்றொன்று. நமது காலத்தில், கணிப்பொறிக்குள் அமைந்த மெய்நிகர் குழல் ஆர்கன்களில், திரையிலுள்ள ஒரு சிறு பொத்தானை ஒரு முறை அழுத்தினால் அதே காரியம் நிறைவேறிவிடுகிறது. டிரான்ஸ்போஸ் என்று பெயர் பெற்ற அந்தப் பொத்தான் உண்மையில் என்ன செய்கிறது, எதை மாற்றுகிறது, எதை மாற்ற இயலாமல் அப்படியே விட்டுவிடுகிறது என்பதை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில் ஆர்கன் என்னும் வாத்தியத்தின் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வீணையின் பிருடையைத் திருகினால் தந்தி பாடகருக்கு இணங்கிவிடும். ஆர்கனின் நாதமோ குழலின் நீளத்தில் அடங்கியிருக்கிறது. வினாடிக்கு 65 அதிர்வுகளுடைய தாழ்ந்த ஸியை ஒலிக்க ஏறக்குறைய எட்டு அடி நீளமுள்ள திறந்த குழல் வேண்டும். அதனினும் ஓர் அரைக்கட்டை உயர்ந்த ஸ்வரத்துக்கு, அதைவிட நூற்றுக்கு ஆறு பங்கு குறுகிய வேறொரு குழல் வேண்டும். தகரமும் ஈயமும் கலந்த தகட்டிலோ மரத்திலோ செய்து, மேடையில் நிரந்தரமாக நிறுத்தப்பட்ட இத்தகைய குழல்கள் ஒரு பெரிய ஆர்கனில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு நாளைய பாடகரின் தொண்டைக்காக அவற்றை நீட்டவோ குறுக்கவோ எவராலும் முடியாது. வெப்பநிலை ஒன்றுதான் அவற்றை ஓரளவு அசைக்கும். காற்று ஒரு டிகிரி ஸெல்ஸியஸ் சூடேறினால் குழல்களின் சுருதி ஏறக்குறைய மூன்று சென்ட், அதாவது அரைக்கட்டையின் நூறு பங்கில் மூன்று பங்கு, உயரும். ஆகவே பிணக்கு வரும்போதெல்லாம் இறங்கி வந்தது வாசிப்பவரின் கையே. கண் ஒரு சுருதியைப் படிக்க, கை வேறொரு சுருதியில் வாசிக்கும் இந்த வித்தையை இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் தன் பரீட்சைகளில் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது.

மெய்நிகர் ஆர்கன் என்பது மேற்கூறிய குழல்களின் நாதத்தையே மூலதனமாகக் கொண்டது. ஹாப்ட்வெர்க் என்னும் மென்பொருள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. கிராண்ட்ஆர்கன் என்பது எவரும் விலையின்றிப் பெறக்கூடிய, மூலநிரல் திறந்து வைக்கப்பட்ட மற்றொன்று. இவற்றுக்கு வேண்டிய ஒலித்தொகுதியைத் தயாரிப்பவர்கள், இரவின் நிசப்தத்தில் ஏதேனும் ஒரு தேவாலயத்தில் ஒலிவாங்கிகளை நிறுத்தி, ஆர்கனின் ஒவ்வொரு குழலையும் தனித்தனியே ஒலிக்கச் செய்து பதிவு செய்கிறார்கள். ஒரு குழலின் நாதம் பிறக்கும் முதல் நொடியும், நிலைத்து நிற்கும் நடுப்பகுதியும், கட்டையிலிருந்து விரல் எடுத்த பிறகு மண்டபத்தின் சுவர்களில் மோதி மோதித் தேய்ந்து மறையும் இறுதிப் பகுதியும் வெவ்வேறாகச் சேமிக்கப்படுகின்றன. குறுகிய நேரம் அழுத்திய கட்டைக்கும் நெடுநேரம் அழுத்திய கட்டைக்கும் மண்டபம் எதிரொலிக்கும் விதம் வேறாதலால், இறுதிப் பகுதியிலேயே பல பதிவுகளை எடுப்பதும் உண்டு. பர்மிங்ஹாம் நகரின் மோஸ்லி பகுதியிலுள்ள தூய அன்னாள் ஆலயத்து ஆர்கனும், இங்கிலாந்தின் ஸாலிஸ்பரி பேராலயத்து ஆர்கனும், பிரான்ஸ் தேசத்தின் கான் நகரிலுள்ள தூய ஸ்தேவான் ஆலயத்தில் கவாயே-கோல் நிறுவிய ஆர்கனும் இவ்விதமே வீடுகளுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன.

வாசிப்பவரின் கட்டைப்பலகைக்கும் இந்தச் சேமிப்புக்கும் இடையில் தூது செல்வது 1983-ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்த மிடி என்னும் குறியீட்டு முறை. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு. நடு ஸிக்கு 60, அதற்கடுத்த அரைக்கட்டைக்கு 61, இவ்வாறே 0 முதல் 127 வரை. வாசிப்பவர் 60-ஐ அழுத்தினார் என்ற செய்தி வந்ததும், மென்பொருள் அறுபதுக்குரிய குழலின் பதிவை எடுத்து ஒலிக்கிறது. டிரான்ஸ்போஸ் பொத்தானில் +2 என்று வைத்தால், வந்த எண்ணோடு இரண்டைக் கூட்டி, 62-க்குரிய குழலை ஒலிக்கிறது. சாதாரணமாக இந்த மென்பொருள்கள் செய்யும் சுருதி மாற்றம் இவ்வளவே. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய சிறுவனும் செய்யக்கூடிய ஒரு கூட்டல். குழலின் நாதம் நீட்டப்படவுமில்லை, குறுக்கப்படவுமில்லை. அண்டைக் குழல் தன் இயல்பான குரலில், தன் இயல்பான மண்டபத்தில் ஒலிக்கிறது. இந்த நேர்மையே இம்முறையின் பெரிய பலம். ஆனால் ஆர்கனின் குழல்கள் வெறும் எண்கள் ஆகாமையால், கூட்டலின் விளைவுகள் கூட்டலைப் போல எளிமையாக இருப்பதில்லை.

கண்ணுக்கு முதலில் தெரியும் விளைவு ஓரங்களில் நேர்வது. எட்டடி ஸியே ஒரு வரிசையின் கடைசிக் குழல் என்றால், சுருதியை இரண்டு அரைக்கட்டை தாழ்த்திய பின் மிகத் தாழ்ந்த இரண்டு கட்டைகளை அழுத்துபவர் மௌனத்தையே கேட்பார். கூட்டல் காட்டும் எண்ணுக்குக் குழல் இல்லை. உயர்த்தினால் மேல் ஓரத்தில் இதே குறை ஏற்படும். காலால் வாசிக்கும் பெடல் வரிசையில் இது உடனே புலனாகும். ஏனெனில் பாட்டின் அஸ்திவாரமான மந்தர ஸ்வரங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒலித்தொகுதி தயாரிப்போர் சிலர் பக்கத்துக் குழலின் பதிவைக் கணக்கு முறையில் தாழ்த்தியும் உயர்த்தியும், அசல் ஆர்கனில் இல்லாத சில குழல்களைப் படைத்து இந்த இடைவெளியை நிரப்புகிறார்கள். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஆர்கன்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே விலையுயர்ந்த பெரிய குழல்களை மிச்சப்படுத்தும் பொருட்டு, அதிகம் பயன்படாத தாழ்ந்த கறுப்பு ஸ்வரங்களை விட்டுவிட்டு, மிகக் கீழே இ போலத் தோன்றும் கட்டையில் ஸியையும், எஃப் ஷார்ப் கட்டையில் டியையும், ஜி ஷார்ப் கட்டையில் இயையும் அமைத்து வைத்தார்கள். அத்தகைய ஆர்கனில் ஓர் அரைக்கட்டை மாற்றினால், தாழ்ந்த ஸ்தாயியில் பாட்டு கேட்கும் ஸ்வரங்களிற் பல அந்த வாத்தியத்தில் பிறக்கவே இல்லை என்பது தெரியவரும்.

இரண்டாவது விளைவு நுட்பமானது. கூர்ந்து கேட்பவருக்கே விளங்கும். ஆர்கனில் மிக்ஸ்சர் என்றொரு குழல் தொகுதி உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால், மூல ஸ்வரத்துக்கு மேலே ஆக்டேவிலும் பஞ்சமத்திலும் ஒலிக்கும் நான்கைந்து சிறு குழல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு ஜொலிப்பை உண்டாக்கும். கட்டை மேலே ஏற ஏற அச்சிறு குழல்கள் விரல் நுனியளவுக்குச் சுருங்கி, செய்வதற்கும் கேட்பதற்கும் எட்டாதவையாகிவிடும். ஆதலால் ஆர்கன் செய்வோர் சில குறிப்பிட்ட கட்டைகளில் அவற்றை ஒரு படி கீழே இறக்கி மறுபடியும் தொடங்குவர். எந்தக் கட்டையில் இறக்குவது என்பது செய்தவரின் ரசனை. அவர் தம் காலத்துப் பாட்டுகள் எங்கே உலவும் என்று அறிந்து, இறக்கம் துருத்திக்கொண்டு தெரியாத இடத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். டிரான்ஸ்போஸ் பொத்தான் இந்த ஏற்பாட்டை அறியாது. நடு ஸியில் இறங்கும் மிக்ஸ்சரின் மேல் பியிலிருந்து தொடங்கிக் கீழே செல்லும் ஒரு பாட்டை ஓர் அரைக்கட்டை உயர்த்தினால், முன்பு இறக்கத்துக்கு இப்பாலேயே இருந்த பாட்டு இப்போது அந்த வரம்பின் குறுக்கே நடக்கும். ஒரே பாட்டின் இரண்டு ஸ்வரங்களுக்கிடையில் வர்ணம் சட்டென்று மாறும். பாட்டு பிழையின்றி ஒலித்துக்கொண்டே வேறு பாட்டாகிவிடுவது இத்தகைய இடங்களில்தான்.

எனினும், இவ்விரண்டையும்விட ஆழமான ஒரு சிக்கல் ஸ்வரங்களின் இடைவெளியில் ஒளிந்திருக்கிறது. இன்றைய பியானோவிலும் ஹார்மோனியத்திலும் ஆக்டேவைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரித்து, ஒவ்வோர் அரைக்கட்டைக்கும் நூறு சென்ட் என்று பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். பங்கீடு சமமாக இருக்கும்வரை எங்கே தொடங்கினாலும் பாட்டின் உருவம் மாறாது. ஆனால் பழைய ஐரோப்பிய ஆர்கன்கள் இவ்விதம் அமைந்தவையல்ல. இத்தாலிய இசை ஆசிரியரான பியெத்ரோ ஆரோன் 1523-இல் விவரித்த மீன்டோன் என்னும் பங்கீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ஸ்வரமாகிய அந்தர காந்தாரம் மூல ஸ்வரத்தோடு எந்தத் துடிப்பும் இன்றி முழுமையாக இணைய வேண்டும் என்பதே அதன் லட்சியம். அதற்காக ஒவ்வொரு பஞ்சமத்தையும், தூய்மையான 702 சென்ட்டிலிருந்து ஏறக்குறைய 697 சென்ட்டுக்குச் சற்றே சுருக்கினார்கள். பதினொரு பஞ்சமங்களில் இவ்வாறு சேர்ந்த பற்றாக்குறை முழுவதும் பன்னிரண்டாவது பஞ்சமத்தின் தலையில் விழுந்தது. ஜி ஷார்ப்புக்கும் இ பிளாட்டுக்கும் நடுவே நிற்கும் அந்த இடைவெளி ஏறக்குறைய 738 சென்ட். அது ஊளையிடுவது போல ஒலிப்பதால் ஐரோப்பியர் அதனை ஓநாய் என்றே அழைத்தார்கள். பன்னிரண்டு காந்தாரங்களில் எட்டு, 386 சென்ட்டாக அமுதம்போல் இனிக்க, மீதி நான்கும் 427 சென்ட்டாகக் கசந்தன.

இப்படிப்பட்ட ஆர்கனில் டி மேஜரில் ஒரு எளிய ஞானப்பாட்டை வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய மூன்று முக்கியக் கூட்டொலிகளும், டி, ஜி, ஏ என்னும் மூன்றின் மேல் எழுபவை, ஒன்றுக்கொன்று குறையாமல் தூய்மையாக ஒலிக்கும். பாடகரின் வசதிக்காக டிரான்ஸ்போஸ் பொத்தானில் ஓர் அரைக்கட்டை உயர்த்துவோம். டியின் இடத்தில் இ பிளாட் வரும், நன்றாகவே இருக்கும். ஏயின் இடத்தில் பி பிளாட் வரும், அதற்கும் பழுதில்லை. ஜியின் இடத்தில் வர வேண்டிய ஏ பிளாட்டோ அந்த ஆர்கனில் இல்லவே இல்லை. அதற்குப் பதிலாக ஜி ஷார்ப் குழல் வந்து நிற்கும். உடனே 427 சென்ட் காந்தாரமும் ஓநாய்ப் பஞ்சமமும் சேர்ந்து கேட்பவர் காதைக் கிழிக்கும். இரண்டு அரைக்கட்டை உயர்த்தி இ மேஜருக்குப் போனால், முதல் இரண்டு கூட்டொலிகள் தப்பித்து, பியின் மேல் எழும் மூன்றாவது கெடும். மாறாக, இரண்டு அரைக்கட்டை தாழ்த்தி ஸி மேஜருக்கு வந்தால் மூன்றும் மறுபடியும் தூய்மையடையும். நம் சங்கீதத்தில் கிரகபேதம் செய்யும் வித்துவான், ஸ்வரங்களை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஆதார ஷட்ஜத்தை மட்டும் நகர்த்தி, மோகனத்திலிருந்து மத்யமாவதியைப் பிறப்பிக்கிறார். இடைவெளிகள் மாறுவதே அங்கே அழகு. சமமற்ற பங்கீடுடைய ஆர்கனில் டிரான்ஸ்போஸ் செய்பவர், ராகம் மாறக் கூடாது என்ற எண்ணத்தோடு தொடங்கி, மிகச் சிறிய அளவில் அதே கிரகபேதத்தைத் தம்மை அறியாமல் செய்துவிடுகிறார்.

இந்தத் தொல்லையைப் பழைய கைவினைஞர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஆன்ட்வெர்ப் நகரத்து ரூக்கெர்ஸ் குடும்பத்தார், ஒன்றுக்கொன்று நான்காம் ஸ்வர இடைவெளியில் அமைந்த இரண்டு கட்டைப்பலகைகளை ஒரே தந்தித் தொகுதியின் மேல் வைத்து, சுருதி மாற்றத்துக்கென்றே ஹார்ப்ஸிகார்டுகள் செய்தார்கள். மேற்பலகையின் இ பிளாட் கட்டையும் கீழ்ப்பலகையின் ஜி ஷார்ப் கட்டையும் நேருக்கு நேர் வந்தமையால், ஒரே தந்தி இரண்டுக்கும் பொருந்தாது என்று கண்டு, அந்த இடங்களில் மட்டும் கூடுதலாகத் தனித் தந்திகள் பூட்டினார்கள். பிராக் நகரத்து அரசவை ஆர்கன்காரரான லுய்த்தோன் என்பவரிடம் இருந்த மற்றொரு ஹார்ப்ஸிகார்டைப் பற்றி இசை நூலாசிரியரான பிரிட்டோரியஸ் 1619-இல் எழுதியிருக்கிறார். அதில் ஆக்டேவுக்குப் பன்னிரண்டுக்குப் பதில் பத்தொன்பது கட்டைகள், மொத்தம் 77. கட்டைப்பலகையையே இடம்பெயர்த்துச் சுருதி மாற்றலாம். டி ஷார்ப்புக்கும் இ பிளாட்டுக்கும் வெவ்வேறு கட்டை இருந்தமையால், நகர்த்தினாலும் ஓநாய் எதிர்ப்படவில்லை. கூட்டல் மட்டும் போதாது, கூட்டிய பிறகு வந்து நிற்கும் ஸ்வரம் சரியான ஸ்வரமா என்று பார்க்க வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாக உணர்ந்து, அதற்கேற்பத் தந்தியையும் கட்டையையும் பெருக்கிய அந்தப் பெரியோர்களின் காதும் கையும் வணங்கத்தக்கவை.

இனி, கணிப்பொறி ஒன்றினாலேயே ஆகக்கூடிய இரண்டாவது வழியைப் பார்ப்போம். கட்டைக்கும் குழலுக்கும் உள்ள உறவைத் தொடாமல், எல்லாக் குழல்களின் நாதத்தையும் ஒரே விகிதத்தில் உயர்த்தலாம் அல்லது தாழ்த்தலாம். ஒவ்வொரு வினாடிக்கும் 48,000 மாதிரிகளாகப் பதிவான ஒலியைச் சற்று விரைவாகப் படித்தால் சுருதி உயரும். மெதுவாகப் படித்தால் தாழும். இரண்டு மாதிரிகளுக்கு நடுவே விழும் மதிப்புகளை மென்பொருள் கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. ஓர் அரைக்கட்டை உயர்த்த வேண்டுமானால் 1.0595 மடங்கு வேகம் வேண்டும். இந்த வழியில் மீன்டோன் ஆர்கனின் தூய காந்தாரம் தூய்மையாகவே நிற்கும். மிக்ஸ்சரின் இறக்கமும் வாசிப்பவரின் விரலுக்கு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். எந்தக் கட்டையும் மௌனமாகாது. முன் வழியின் குறைகள் யாவும் ஒருங்கே நீங்கிவிட்டன என்றே முதலில் தோன்றும்.

ஆனால் குழல் என்பது நீளம் மட்டும் உடையதன்று. அதற்குக் குறுக்களவும் உண்டு. வைமார் நகரத்தில் வாழ்ந்த ட்யோப்ஃபர் என்னும் அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்கன் குழல்களின் குறுக்களவைக் கணித வாய்பாட்டில் அடக்கினார். அவருடைய முறையை அடியொற்றி வந்த அளவுகோலின்படி எட்டடி ஸியின் குழாய்க்கு விட்டம் ஏறக்குறைய 155 மில்லிமீட்டர். ஓர் ஆக்டேவ் மேலே உள்ள ஸிக்கு நீளம் பாதியாகும். விட்டமோ பாதியான 78 ஆகாமல் 92 மில்லிமீட்டராகவே நிற்கும். பாதியாவதற்குப் பதினாறு அரைக்கட்டைகள் ஏற வேண்டும். மேல் ஸ்தாயிக் குழல்கள் தம் நீளத்துக்குச் சற்றே பருமனாக இருந்தால்தான் அவற்றின் குரல் கீச்சிடாமல் உருண்டு வரும் என்பது கைவினைஞர்களின் நெடுங்கால அனுபவம். ஒடுங்கிய குழலில் மேலொலிகள் மிகுந்து குரல் கூர்மையடையும், அகன்ற குழலில் அவை அடங்கிக் குரல் மென்மையடையும் என்பது அதன் பின்னாலுள்ள பௌதிகம். பதிவை வேகமாகப் படிக்கும் கணிப்பொறி நீளத்தையும் விட்டத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிவிடுகிறது. ஆகவே அது படைக்கும் குழல், அந்தச் சுருதிக்குக் கைவினைஞர் செய்திருக்கக்கூடிய குழலைவிடச் சற்று ஒடுங்கியதாய்க் கூர்மையாக ஒலிக்கும். தாழ்த்தினால் அதற்கு நேர்மாறு. ஓர் அரைக்கட்டையில் இந்த வேறுபாட்டைக் காண்பது அரிது. நான்கைந்து அரைக்கட்டை போனால், வாத்தியமே வேறொன்றாகிவிட்டதோ என்ற ஐயம் எழும்.

குழலோடு மண்டபமும் சேர்ந்து சுருங்குகிறது என்பதை இதைவிடப் பெரிய குறை என்று நான் கருதுகிறேன். தேவாலயத்தின் எதிரொலியும் பதிவுக்குள்ளேயே இருப்பதால், ஓர் அரைக்கட்டை உயர்த்தும்போது ஐந்து வினாடி நீண்ட எதிரொலி 4.7 வினாடியாகக் குறையும். முப்பது மீட்டர் நீளமுள்ள மண்டபம் இருபத்தெட்டு மீட்டராகக் குறுகியது போன்ற பிரமை உண்டாகும். ட்ரெமுலன்ட் என்னும் நடுக்கம் வினாடிக்கு ஆறு முறை இருந்தால் அதுவும் விரைவுபடும். காற்று ஊதும் யந்திரத்தின் இரைச்சல்கூடச் சுருதி கூடி ஒலிக்கும். கல்லாலும் காற்றாலும் ஆன ஒரு கட்டடத்தின் அளவையே நம் பொத்தான் மாற்றிவிட்டது என்பதைக் கேட்பவர் உணராமல் இருக்கலாம்; ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆலயத்தின் குரலை உள்ளபடி வீட்டுக்குக் கொண்டு வருவதற்காகவே இத்தனை முயற்சியும் செய்யப்பட்டது என்பதை நினைக்கும்போது இந்த நஷ்டம் சிறியதாகத் தோன்றவில்லை.

ஆகையால், அறிந்து வாசிப்பவர் இரண்டு வழிகளையும் அளவோடு கலந்து பயன்படுத்துகிறார். உதாரணமாக, ஸாக்ஸனி பிரதேசத்தின் ஃப்ரைபெர்க் பேராலயத்தில் கோட்ஃப்ரீட் ஸில்பெர்மன் 1714-இல் முடித்த ஆர்கனின் ஏ ஏறக்குறைய 476 அதிர்வுகள் உடையது. அதே ஸில்பெர்மன் தம் கடைசி நாட்களில் டிரெஸ்டன் அரசவை ஆலயத்துக்குத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் 1755-இல் முற்றுப்பெற்ற ஆர்கனோ 415-இல் நிற்கிறது. ஒரே கையில் பிறந்த இரண்டு வாத்தியங்களுக்கு இடையில் ஒரு முழு ஸ்வரத்துக்கும் மேற்பட்ட தூரம். ஃப்ரைபெர்க் போன்று 476-இல் நிற்கும் ஓர் ஆர்கனின் பதிவோடு, 1939-இல் லண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்டு இன்று உலகெங்கும் பரவிய 440-இல் சுருதி சேர்த்த ஒரு பிடில் வாசிக்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். இடையிலுள்ள தூரம் 136 சென்ட். முழுவதையும் படிக்கும் வேகத்தால் சரிசெய்தால் மண்டபம் நூற்றுக்கு எட்டுப் பங்குக்குமேல் விரிந்துவிடும். டிரான்ஸ்போஸ் பொத்தானில் ஓர் அரைக்கட்டை தாழ்த்தி, எஞ்சிய 36 சென்ட்டை மட்டும், படிக்கும் வேகத்தை மாற்றும் சுருதித் திருகியால் இறக்கினால், மண்டபத்தின் விரிவு நூற்றுக்கு இரண்டு பங்கோடு நின்றுவிடும்.

அப்போதும் சமமற்ற பங்கீட்டின் சிக்கல் எஞ்சி நிற்கிறது; டி மேஜரில் எழுதியதை இப்போது ஸி ஷார்ப்பின் சுற்றுப்புறத்துக் குழல்கள் அல்லவா ஒலிக்கின்றன? அதற்கும் மென்பொருளில் பரிகாரம் உண்டு. கிராண்ட்ஆர்கனிலும் ஹாப்ட்வெர்க்கிலும் ஆர்கனின் அசல் பங்கீட்டை விட்டு வேறொரு பங்கீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். வேண்டுமானால் நாமே ஒன்றை எழுதிச் சேர்க்கலாம். மீன்டோன் பங்கீட்டையே ஓர் அரைக்கட்டை நகர்த்தி எழுதி வைத்தால், ஓநாயும் பாட்டோடு சேர்ந்து நகர்ந்து, அது எப்போதும் இருந்த தூரத்திலேயே இருக்கும். இதற்காக எந்தக் குழலும் 24 சென்ட்டுக்கு மேல் அசைய வேண்டியதில்லை. அவ்வளவு சிறிய அசைவில் குழலின் குரலும் மண்டபத்தின் அளவும் மாறியது தெரியாது. ரூக்கெர்ஸ் குடும்பத்தார் கூடுதல் தந்தி பூட்டிச் சாதித்ததை, இங்கே பன்னிரண்டு எண்களை மாற்றி எழுதிச் சாதிக்கிறோம். ஞானப்பாட்டுக்குத் துணை செய்யும் பணியில், சமப் பங்கீடுடைய ஆர்கனில், இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. சபையார் தொண்டை வலியின்றிப் பாடுவதற்காகப் பொத்தானைத் தாராளமாக அழுத்தலாம். பழைய வாத்தியத்தில் பழைய சங்கீதத்தை வாசிக்கும்போதுதான், பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் சிந்திப்பது அந்த வாத்தியத்துக்கு நாம் செய்யும் மரியாதையாகும் என்பது என் அபிப்பிராயம்.

வாசிப்பவரின் காதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். துணைச் சுருதி எதுவுமின்றி ஒரு ஸ்வரத்தைக் கேட்ட மாத்திரத்தில் இன்னதென்று பெயர் சொல்லும் சக்தி படைத்தவர் சிலர் உண்டு. கை ஸியை அழுத்தக் காது டியைக் கேட்கும் நிலை அவர்களுக்குப் பெரும் அவஸ்தை. மற்றவர்களுக்கோ இதுவே விடுதலை. அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லின் எஃப் ஷார்ப் என்னும் ஒரே சுருதியில்தான் வாசிக்கப் பழகியவர். கட்டைப்பலகையை நகர்த்தும் நெம்புகோலுடைய பியானோவின் உதவியால் எல்லாச் சுருதிகளிலும் பாட்டுகளை அமைத்தார். 1940-இல் செய்யப்பட்ட அவருடைய அத்தகைய பியானோ ஒன்று ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

மென்பொருள் எழுதுவோர் எதிர்கொள்ளும் ஒரு பொறியைச் சொல்லாமல் விட முடியாது. வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்தியபடியே டிரான்ஸ்போஸ் பொத்தானை மாற்றினால் என்ன ஆகும்? அழுத்தும்போது 60 என்ற செய்தி 60-ஆம் குழலைத் திறந்தது. விரலை எடுக்கும்போது வரும் 60 என்ற செய்தியோடு இரண்டைக் கூட்டினால், திறவாத 62-ஆம் குழலை மூடும் கட்டளையாக அது மாறிவிடும். திறந்த குழலோ மூடுவாரின்றி ஒலித்துக்கொண்டே இருக்கும். அசல் ஆர்கனில் தூசியாலோ ஈரத்தாலோ வால்வு சிக்கிக்கொண்டு குழல் ஓயாமல் ஊதும் விபத்து இங்கே ஒரு கூட்டலால் நேர்கிறது. கவனமாக எழுதப்பட்ட மென்பொருள், எந்தக் கட்டை எந்தக் குழலைத் திறந்தது என்பதை நினைவில் வைத்திருந்து, விரல் விலகும்போது அந்தக் குழலையே மூடும்.

மண்டபம் சுருங்கும் குறையைப் போக்க வேறு இரண்டு முயற்சிகள் நடந்து வருகின்றன. முதலாவது, குழலுக்கு மிக அருகில் ஒலிவாங்கியை வைத்து எதிரொலியின்றிப் பதிவு செய்து, மண்டபத்தின் எதிரொலியைத் தனியே அளந்து, கணக்கு முறையில் பின்னர் சேர்ப்பது. சுருதி மாற்றம் மண்டபத்துக்குள் நாதம் நுழையுமுன்பே முடிந்துவிடுவதால், ஐந்து வினாடி எதிரொலி ஐந்து வினாடியாகவே இருக்கும். ஆனால் உண்மையான ஆர்கனில் குழல்கள் பல மீட்டர் அகலத்துக்கும் உயரத்துக்கும் பரவி நிற்கின்றன. ஓரிடத்திலிருந்து அளந்த எதிரொலியை எல்லாக் குழலுக்கும் பூசினால் அத்தனையும் ஒரே புள்ளியிலிருந்து ஒலிப்பதாகத் தோன்றும். ஆகவே மேடையின் பல இடங்களிலிருந்தும் அளக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது முயற்சி பதிவையே கைவிடுவது. பிரான்ஸ் தேசத்து மொடார்ட் நிறுவனத்தின் ஆர்கன்டெக் என்னும் மென்பொருளில் எந்தக் குழலின் பதிவும் கிடையாது. குழலுக்குள் காற்று அதிரும் விதத்தைச் சமன்பாடுகளால் அந்தந்தக் கணத்திலேயே கணக்கிட்டு அது நாதத்தை எழுப்புகிறது. அங்கே சுருதியை மாற்றுவதென்றால் குழலை நீட்டியும் குறுக்கியும் புதிதாகக் கணக்கிடுவதே. விட்டம் எந்த வேகத்தில் குறைய வேண்டும் என்று ட்யோப்ஃபர் வகுத்த விதி போன்ற ஒன்றை அந்தக் கணக்கினுள் அமைத்துவிட்டால், புதிய சுருதிக்குரிய பருமனோடே குழல் பிறக்கும். பெயர் பெற்ற ஒரு பழைய ஆலயத்தின் குரல் அதில் கிடைக்காது. அந்தக் குரலை நாடுபவர் பதிவுகளிடமே திரும்பி வந்து, எத்தனை அரைக்கட்டையைக் கூட்டலால் நகர்த்துவது, எத்தனை சென்ட்டைத் திருகியால் இறக்குவது என்ற கணக்கைத் தம் காதைக் கொண்டே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.